பென்ஷன் எங்கே குறைகிறது? வாசகர் கேள்வி பதில்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓய்வூதியம் பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். வங்கிக் கணக்கு, பிபிஓ (ஓய்வூதிய ஆணை) விவரம் எல்லாம் எழுதியிருப்பதால் பெயர் போடாமல் ஊர்ப் பகுதியை மட்டும் தருகிறோம்.

கேள்வி: தனியார் ஃபேக்டரியில் 1996 செப்டம்பரில் சேர்ந்து 2021 ஆகஸ்டில் 58 வயது முடிந்து வெளியே வந்தேன். 25 வருஷ சர்வீஸ். கடைசி ஐந்து வருஷமும் பேசிக், டிஏ சேர்த்து 15,000-க்கு மேல். 15,000-ஐ 25-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 5,357 ரூபாய் வர வேண்டும். பிஎஃப் ஆபீஸ் போட்டிருப்பது அதைவிட ரொம்பக் குறைவு. தப்புக் கணக்கா? (பீனியா)

பதில்: சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுப்பது என்ற சூத்திரம் சரி. ஆனால் 25 வருஷத்துக்கும் 15,000 என்று போட்டதுதான் இடிக்கிறது. பிஎஃப் நிறுவனம் நடத்தும் ஓய்வூதியத் திட்டமான இபிஎஸ் 95-இல், கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு வந்தது 1-9-2014 அன்று. அதற்கு முன் வரம்பு 6,500. அந்தத் தேதிக்கு முந்தைய சர்வீஸை 6,500 வைத்தும், பிந்தையதை 15,000 வைத்தும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று விதியையே அப்போது திருத்திவிட்டார்கள்.

உங்கள் கணக்கைப் போடுவோம். 2014 ஆகஸ்ட் வரை 18 ஆண்டு: 18 × 6,500 = 1,17,000. அதற்குப் பின் 7 ஆண்டு: 7 × 15,000 = 1,05,000. கூட்டினால் 2,22,000. எழுபதால் வகுத்தால் 3,171 ரூபாய். 20 ஆண்டு சர்வீஸ் தாண்டியவர்களுக்கு 2 ஆண்டு போனஸ் உண்டு என்பதால் இதற்கு மேல் சில நூறு ரூபாய் கூடும். உங்களுக்கு வருவது 3,171-க்கும் கீழே என்றால் மட்டும் சண்டைக்குக் கிளம்புங்கள். அப்போது கோளாறு பெரும்பாலும் சர்வீஸ் கணக்கில் இருக்கும்.

எங்கே பார்ப்பது? நடுவில் கம்பெனி மாறியபோது படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்திருந்தால் அந்த வருஷங்கள் போனது போனதுதான். எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றியிருந்தால், பிஎஃப் தொகை வந்து சேர்ந்திருக்கும்; பழைய கம்பெனியின் சர்வீஸ் விவரம் அடங்கிய 'அனெக்ஷர் கே' வராமலே இருந்திருக்கும். இது மிகவும் சகஜம். பாஸ்புக்கில் பணம் தெரிவதால் எல்லாம் வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மூன்றாவது, சம்பளமில்லா நாட்கள். லே-ஆஃப், வேலைநிறுத்தம், நீண்ட மருத்துவ விடுப்பு ஆகியவற்றை 'என்சிபி' என்று கம்பெனி காட்டியிருந்தால் சர்வீஸிலிருந்து கழியும். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு முழு ஆண்டாக எடுத்துக்கொள்ளப்படும், அதற்குக் குறைவானது விடப்படும். ஆகவே சில நாட்கள் கழிவதில்கூட ஒரு முழு ஆண்டு போகக்கூடும்.

பிஎஃப் அலுவலகத்தில் பென்ஷன் கணக்கீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பிபிஓவை வைத்துக்கொண்டு பேசுவதைவிட அந்தத் தாளை வைத்துப் பேசினால் வேலை நடக்கும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்சிபி நாட்கள், சராசரிச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். தவறு தெரிந்தால் நீங்களும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு அறிவிப்பைக் கம்பெனி மூலம் கொடுத்துத் திருத்த வேண்டும். பணி நியமனக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு, பழைய பிஎஃப் சிலிப் எதுவாக இருந்தாலும் நகல் இணையுங்கள். பிஎஃப் நிறுவனத்தின் புகார்த் தளமான இபிஎஃப்ஐஜிஎம்எஸ்ஸில் பிபிஓ எண்ணுடன் புகார் பதிவு செய்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போங்கள். எந்த அலுவலகம் என்பது பிபிஓவிலேயே இருக்கும். ராஜாராம் மோகன்ராய் ரோடு அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்து, 'உங்கள் ஃபைல் இங்கே இல்லை' என்று கேட்டுத் திரும்ப வேண்டாம்.

இதே தேதியில் நடந்த இன்னொரு மாற்றம் உங்களைப் பாதிக்கவில்லை. 15,000-க்குக் கீழே வாங்கியவர்களைப் பாதித்தது. முன்பு கடைசி 12 மாதச் சராசரியை எடுத்தார்கள். 1-9-2014 முதல் கடைசி 60 மாதம். ஒருவருக்குக் கடைசி ஐந்து ஆண்டில் பேசிக் 10,000, 11,000, 12,000, 13,000, 14,000 என்று ஏறியது என்று வையுங்கள். பழைய முறையில் சராசரி 14,000. புதிய முறையில் 12,000. 1-9-2014-க்குப் பிந்தைய சர்வீஸ் 7 ஆண்டு என்றால் இந்த 2,000 வித்தியாசம் மாதம் 200 ரூபாய். பென்ஷனைக் குறைக்கிறோம் என்று அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லை. 12 இருந்த இடத்தில் 60 போட்டால் போதும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று ஆக்கியதும் அதே நாளில்தான். அதையே எல்லோரும் பேசினார்கள், இதைப் பேசவில்லை.

கேள்வி: இபிஎஸ் பென்ஷனுக்கு விலைவாசிப்படி ஏன் ஏறுவதில்லை? கூடுதல் பென்ஷனுக்கு இனி விண்ணப்பிக்கலாமா? (கே.ஆர்.புரம்)

பதில்: இபிஎஸ் 95-இல் அகவிலை நிவாரணம் கிடையாது. முதல் மாதம் என்ன தொகையோ அதுவே தொடரும். 2014-இல் 1,000 ரூபாயில் ஓய்வு பெற்றவர் அதே 1,000-ஐ வைத்துக்கொண்டுதான் இன்றைய பால், கேஸ், மருந்து விலையைச் சமாளிக்கிறார். குறைந்தபட்சம் 7,500 ரூபாயும் அகவிலை நிவாரணமும் வேண்டும் என்று ஓய்வூதியர் சங்கங்கள் கேட்டு வருகின்றன. கேட்பது நியாயம். அது வரும் என்று நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

உச்சவரம்பைத் தாண்டி முழுச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் கூடுதல் பென்ஷன் வாய்ப்பு 4-11-2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. ஊழியர்களும் ஓய்வூதியர்களும் விருப்பம் தெரிவிக்கும் கடைசி நாள் 11-7-2023-உடன் முடிந்துவிட்டது. 1-9-2014-க்கு முன், விருப்பம் தெரிவிக்காமலே ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பே இடம் தரவில்லை. இப்போதும் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வயது 55. கம்பெனி ஆளைக் குறைத்ததில் வேலை போய்விட்டது. சர்வீஸ் 19 வருஷம். பென்ஷனை இப்போதே வாங்கலாம் என்கிறார்களே? (பொம்மசந்திரா)

பதில்: வாங்கலாம். 50 வயதிலிருந்தே வழி உண்டு. ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. மூன்று வருஷம் என்றால் சுமார் 12 சதவீதம். 58 வந்ததும் இது நேராகிவிடாது. கடைசி வரை இருக்கும். வேறு வேலை கிடைக்க வாய்ப்பிருந்தால், படிவம் 10சி கொடுத்து, இதுவரையிலான சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். புதிய இடத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தால் 20 வருஷம் ஆகிறது, 2 ஆண்டு போனஸும் சேர்கிறது. 19-இல் நிறுத்துவது உங்களுக்கு இரட்டை நஷ்டம்.

கேள்வி: என் இபிஎஸ் பென்ஷன் மார்ச்சிலிருந்து நின்றுபோனது. நவம்பரில்தானே லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும்? வங்கியில் ஒன்றும் சொல்லவில்லை. (ஸ்ரீராமபுரம்)

பதில்: நவம்பர் என்பது மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு. அவர்களிலும் 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். உங்களுக்கு வேறு கணக்கு. இபிஎஸ்ஸில் நீங்கள் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். போன வருஷம் பிப்ரவரியில் கொடுத்திருந்தால் இந்த பிப்ரவரியோடு முடிந்தது. காலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் வட்டம் போட்டு வையுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம். மகன், மகள் யாருடைய ஆண்ட்ராய்டு போனாக இருந்தாலும் சரி. 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' இரண்டு செயலிகளையும் ஏற்றுங்கள். முதலில் போனை இயக்குபவரின் ஆதாரும் முகமும் ஒரு முறை பதிவாக வேண்டும். நீங்களே இயக்கினால் உங்களுடையது. பிறகு ஓய்வூதியரின் ஆதார் எண், மொபைல் எண், பிபிஓ எண், வங்கிக் கணக்கு, எந்த வகை ஓய்வூதியம், வழங்கிய அமைப்பு எது என்பதைக் கொடுத்து முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். கண்ணாடியைக் கழற்றி, கண்ணை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும்.

சான்றிதழின் எண்ணான பிரமாண் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்ததும் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண் வந்த பிறகும் சான்றிதழ் நிராகரிக்கப்படலாம். வழங்கிய அமைப்பு என்ற இடத்தில் பிஎஃப் நிறுவனத்துக்குப் பதில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாலோ, பிபிஓவில் ஓர் எண் தவறினாலோ அது போக வேண்டிய இடத்துக்குப் போகாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் பிரமாண் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். சொந்தப் பென்ஷன் ஒன்று, கணவர் அல்லது மனைவியின் குடும்பப் பென்ஷன் ஒன்று என்று இரண்டு வாங்குபவர்கள் இரண்டு பிபிஓவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஆலையிலும் வீட்டிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களுக்குக் கைரேகை இயந்திரம் ஒத்துவராது; முகம்தான் நல்லது. ஆதாரில் இருக்கும் படம் மிகப் பழையதாகி முகமும் பொருந்தவில்லை என்றால் ஆதார் மையத்தில் படத்தைப் புதுப்பித்துவிட்டு முயலுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார். சான்றிதழ் ஏறியதும் நின்ற மாதங்களின் பணம் நிலுவையாக வந்துவிடும்.

கேள்வி: மத்திய அரசு ஓய்வூதியர். கொரோனா காலத்து 18 மாத டிஆர் (அகவிலை நிவாரணம்) வருமா? வாட்ஸ்அப்பில் வருகிறது, வருகிறது என்கிறார்கள். (ஜீவன்பீமா நகர்)

பதில்: வராது. அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை சொல்லிவிட்டது. 1-1-2020 முதல் 30-6-2021 வரை அகவிலை நிவாரணத்தை 17 சதவீதத்திலேயே உறைய வைத்தார்கள். அந்தக் காலத்தில் வர வேண்டிய உயர்வுகள் 4, 3, 4 சதவீதம். மூன்றையும் சேர்த்து 1-7-2021 முதல் 28 சதவீதமாக்கினார்கள். நடுவில் போனது போனதுதான்.

எவ்வளவு போனது? அடிப்படை ஓய்வூதியம் 20,000 என்றால் முதல் ஆறு மாதம் மாதம் 800 வீதம் 4,800. அடுத்த ஆறு மாதம் 7 சதவீதம், 1,400 வீதம் 8,400. கடைசி ஆறு மாதம் 11 சதவீதம், 2,200 வீதம் 13,200. மொத்தம் 26,400 ரூபாய். உங்கள் அடிப்படைத் தொகைக்கு இதே விகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியர், ஓய்வூதியர் இரு தரப்பிலும் சேர்த்து அரசுக்கு மிச்சமானது 34,402.32 கோடி ரூபாய் என்பது அரசே சொன்ன கணக்கு.

ஆனால் ஒரு சலுகை இருந்தது, அதைப் பலர் கவனிக்கவில்லை. அந்த 18 மாதத்துக்குள் ஓய்வு பெற்றவர்களுக்கு, பணிக்கொடையையும் விடுப்பு ஊதியத்தையும் கணக்கிடும்போது மட்டும், உறைந்த 17-க்குப் பதில் 21, 24, 28 சதவீதத்தை அந்தந்தக் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 2021 செப்டம்பரில் ஆணை வந்தது. உங்கள் ஓய்வுத் தேதி அதற்குள் வந்தால், கடைசி அலுவலகம் திருத்திய கணக்கில் வித்தியாசத்தைத் தந்ததா என்று பாருங்கள். தரவில்லை என்றால் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான புகார்த் தளமான சிபென்கிராம்ஸில் புகார் செய்யலாம். பணிக்கொடை அப்போதிருந்த 20 லட்சம் உச்சவரம்பை ஏற்கெனவே தொட்டவர்களுக்கு அதில் வித்தியாசம் வராது. விடுப்பு ஊதியத்தில் வரும்.

18 மாத நிலுவை வந்துவிட்டது என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். நிலுவை தர வங்கிக்கு உங்கள் ஓடிபி தேவையே இல்லை.

கேள்வி: 2009-இல் விருப்ப ஓய்வு பெற்றேன். கம்யூடேஷன் பிடித்தம் இன்னும் ஓடுகிறது. என் அம்மா 83 வயது, அப்பாவின் குடும்பப் பென்ஷன் வாங்குகிறார், அவருக்கும் எதுவும் கூடவில்லை. (காக்ஸ் டவுன்)

பதில்: இரண்டும் உங்களுக்குச் சேர வேண்டிய பணம். மத்திய அரசு ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை ஒப்படைத்து மொத்தமாக வாங்கலாம்; அதுதான் கம்யூடேஷன். இப்போதைய அட்டவணைப்படி 60 வயதில் ஓய்வு பெறுபவருக்குப் பெருக்கும் எண் 8.194. 20,000 பென்ஷனில் 8,000-ஐ ஒப்படைத்தால் 8,000 × 12 × 8.194 = 7,86,624 ரூபாய் கைக்கு வரும். மாதம் 8,000 பிடித்தம். அந்த மொத்தத் தொகை கைக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும் முழுப் பென்ஷனும் திரும்ப வேண்டும். உங்களுக்கு 2024-லேயே முடிந்திருக்க வேண்டும். வங்கியில் தானாக நடக்க வேண்டியதுதான். பணம் தந்த தேதி பதிவில் இல்லையென்றால் நின்றுவிடுகிறது. பிபிஓ நகல், அந்தத் தொகை வரவான பாஸ்புக் பக்கம் இரண்டையும் இணைத்து வங்கியின் மைய ஓய்வூதியப் பிரிவுக்கு எழுதுங்கள். கிளை மேலாளரிடம் வாயால் சொன்னால் அது அங்கேயே தங்கிவிடும்.

அதோடு இன்னொன்றையும் சரிபாருங்கள். அகவிலை நிவாரணத்தை முழு அடிப்படைப் பென்ஷனுக்குத்தான் போட வேண்டும், ஒப்படைத்தது போக மீதிக்கு அல்ல. மாதச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பெருக்கிப் பாருங்கள்.

அம்மாவுக்கு 80 வயது நிறைந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து 20 சதவீதம் கூடுதல். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறில் 100 சதவீதம். கிடைக்காததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: அப்பாவின் பழைய பிபிஓவில் அம்மாவின் பிறந்த தேதி இருக்காது. ஆதார், பான் போன்ற சான்றோடு வங்கி வழியாகப் பிறந்த தேதியைப் பதியச் சொல்லுங்கள், நிலுவையோடு கேளுங்கள். ஆதாரில் வெறும் ஆண்டு மட்டும் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

கேள்வி: 2025 நிதிச் சட்டம் பழைய ஓய்வூதியர்களைத் தனியாகப் பிரித்துப் பென்ஷனைக் குறைக்கப் போகிறதாமே? (இந்திரா நகர்)

பதில்: இன்று வாங்கும் தொகை அதனால் குறையாது. ஆனால் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். 31-3-1979-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குத் திருத்திய சூத்திரம் கிடையாது என்று அரசு கோடு கிழித்தபோது, நகாரா வழக்கில் 17-12-1982 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2025 நிதிச் சட்டம், ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களை வகைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1-6-1972 முதல் முன்தேதியிட்டு எழுதியிருக்கிறது. நடப்பில் எதுவும் மாறாது என்று நிதியமைச்சர் மாநிலங்களவையில் சொன்னார். அந்த அதிகாரம் எப்படிப் பயன்படுகிறது என்பது அடுத்த ஊதியக்குழுப் பரிந்துரைகளைச் செயல்படுத்தும்போதுதான் தெரியும். உங்கள் சங்கம் பேச வேண்டிய இடம் அது.

கேள்வி: வீட்டு வேலை செய்கிறேன், 68 வயது. சந்தியா சுரக்ஷா முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் நாலு மாசமாக வரவில்லை. ரத்து செய்துவிட்டார்களா? (விவேக் நகர், பேரன் எழுதியது)

பதில்: ரத்து என்று முடிவு கட்டும் முன் பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: சமீபத்தில் வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்தாரா? வேறு ஏதாவது அரசுத் திட்டத்துக்காகத் திறந்து அதில் ஆதாரை இணைத்திருந்தால், அரசுப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். பழைய பாஸ்புக்கைப் பதிய வைத்துப் பார்த்துப் பார்த்துப் பயனில்லை. மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங்' நிலையைப் பாருங்கள், எந்த வங்கி என்று காட்டும். அந்தப் பாஸ்புக்கைப் பதியுங்கள். பாதிப் பேருக்குக் காணாமல் போன பணம் அங்கே இருக்கும்.

அங்கும் இல்லையென்றால் காரணம் சரிபார்ப்பாக இருக்கலாம். வீடு மாறியபோது பழைய முகவரிக்கு வந்து ஆள் இல்லை என்று எழுதிப் போயிருப்பார்கள், அல்லது பிபிஎல் (வறுமைக்கோட்டுக்குக் கீழ்) கார்டில் சிக்கல். அனுமதி ஆணை நகல், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எடுத்துக்கொண்டு வருவாய்த் துறையின் நாட கச்சேரி அலுவலகத்துக்குப் போங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பிபிஎல் கார்டு நகல் இணைத்தால் கட்டணம் கிடையாது, 30 நாளில் பதில் வர வேண்டும். போனில் வழி கேட்க முதியோர் உதவி எண் 14567.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2007-இல் 200 ரூபாய். 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்றும் அதே 200. 80 தாண்டினால் 500, அது 2011-இல் வைத்தது. மேலே வருவதெல்லாம் மாநிலம் போடுவது. இந்தியாவில் மிகப் பெரிய பென்ஷன் வெட்டு எது என்று எங்களைக் கேட்டால், டிஆர் முடக்கத்தைவிட இதைத்தான் காட்டுவோம்.

கேள்வி: மூத்த குடிமக்கள் ரயில் சலுகை திரும்ப வந்ததா? கும்பகோணம் போக வேண்டும். (அல்சூர்)

பதில்: இல்லை. ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதம் என்று இருந்ததை 20-3-2020 அன்று நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. முன்பு கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 2,000 ரூபாய் டிக்கெட் 1,100-இல் முடிந்தது. இப்போது முழு 2,000.

மிச்சமிருப்பது கீழ் படுக்கை ஒதுக்கீடு. 60 வயது ஆணுக்கும் 45 வயதுப் பெண்ணுக்கும் உண்டு. ஒரே டிக்கெட்டில் ஒருவராகவோ இருவராகவோ இருந்தால்தான் அது வேலை செய்யும். பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு போய்விடும். உங்கள் இருவருக்கும் ஒரு டிக்கெட், பேரனுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். புற்றுநோய் போன்ற சில நோயாளிகளுக்கும், குறிப்பிட்ட வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணச் சலுகை இன்னும் இருக்கிறது. சிகிச்சைக்காகப் போகிறீர்கள் என்றால் மருத்துவமனையில் ரயில்வே சலுகைப் படிவம் கேட்டு வாங்கிக்கொண்டு கவுண்டரில் டிக்கெட் எடுங்கள்.